டிஷ்யூ மதுரைக்குப் போயிருக்கு

எங்கள் வீட்டில் முதல் சண்டை எதற்கு வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நகைக்கு வரவில்லை, சீருக்கு வரவில்லை. ஒரு ஏலச்செடி என்றால் எது என்பதற்கு வந்தது.

கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் என்னை முதல் தடவையாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஜீப்பை விட்டு இறங்கிச் சரிவில் நடந்தால் அவருடைய ஏலத்தோட்டம். கூடப்பிறந்தவர்கள் எல்லாம் கீழே சொந்த ஊரான ராசிங்காபுரத்தில் வாழையும் தென்னையுமாக இருக்க, இவர் ஒருத்தர் மட்டும் குளிருக்கு மனசைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டவர். இன்றைக்கும் வாரத்தில் பாதி நாள் மேலே, பாதி நாள் போடியில் என்னோடு. எனக்குப் போடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை.

அன்றைக்கு ஒரு தூரைக் காட்டி, "இந்தா பாரு, இது ஒரு செடி" என்றார். தலைக்கு மேல் வளர்ந்த தட்டைகள் ஒரே அடியிலிருந்து கிளம்பி நிற்கின்றன. தட்டை என்றால் ஏலத்தண்டு. தட்டைகள் கூடி நிற்கிற மொத்தத்துக்குத்தான் தூர் என்று பேர். அடியில் பூவும் காயுமாகத் தரையோடு ஓடுவது சரம். புதுப்பெண், வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கலாம். எனக்கு அது வராது.

"இது ஒரு செடி இல்லீங்க" என்றேன். "இந்தத் தோட்டம் பூராவும் ஒரே தாய்த்தூர்ல இருந்து பிரிச்சுப் பிரிச்சு நட்டதுன்னு நீங்கதானே சொன்னீக? அப்ப எல்லாத்துக்குள்ளயும் இருக்குறது ஒரே மாதிரி செல்லுதான். கணக்குப்படி பாத்தா எல்லாம் சேந்துதான் ஒரு செடி."

அவர் தோட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எனக்கு இருக்கிறது ஒத்தச் செடி."

"ஆமா."

"இத வியாபாரிக காதுல போட்டுறாத தாயி. ஒத்தச் செடிக்காரன்னு ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

கேலி என்று தெரிந்தும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, "ஒரே செடிதான், ஒத்துக்கிறேன், சாப்பிடு" என்றார். ஒத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா? மறுநாள் இறங்கும்போது ஜீப் டிரைவரிடம், "அண்ணே, நம்ம தோட்டத்துல மொத்தமே ஒரு செடிதானாம், டீச்சரம்மா சொல்றாக" என்று எடுத்துவிட, வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் எல்லாம் ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். அதிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டீச்சர்தான்.

அந்தச் சண்டையை நான் வருஷா வருஷம் வகுப்பில் உபயோகப்படுத்திக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் கீழிருந்து மேலாகப் படிக்கட்டு வரைவேன். அடிப்படியில் செல். செல்கள் கூடினால் திசு. திசுக்கள் கூடினால் உறுப்பு. அப்புறம் உறுப்பு மண்டலம், அதற்கு மேல் முழு உயிரி. ஓர் உயிரி தனியாக என்ன செய்யும்? அதனால் அதற்கும் மேலே இனக்கூட்டம், சமுதாயம், சூழ்மண்டலம். புத்தகத்தில் மனிதப் படம் போட்டிருக்கும். நான் ஏலச்செடியைத்தான் சொல்வேன். இலையின் செல், தட்டையின் திசு, சரம், தூர், தோட்டம், அதில் பூவுக்கு வரும் தேனீ, மேலே நிழலுக்கு நிற்கிற மரம், மொத்தச் சரிவும். பிள்ளைகளில் பாதிப்பேருடைய அம்மாக்கள் விடிந்ததும் ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போகிறவர்கள், மீதிப்பேருடைய அம்மாக்கள் ஊருக்குள் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 'சமுதாயம்' என்ற படிக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவேன். "ஒங்க சமுதாயம் எது டீச்சர்?" என்று பின்பெஞ்சில் ஒன்று ஆரம்பிக்கும். அது வேற சமுதாயம்டி என்று அதட்டிவிட்டு மேல்படிக்கு ஓடிவிடுவேன்.

இந்தப் பாடம் நடத்துகிறவளுக்கே அடிப்படியில் ஆட்டம் கண்டது போன வருஷம்தான்.

குளித்துவிட்டுச் சங்கிலியைப் போடும்போது பின்கொக்கி மாட்டவில்லை. தடவிப் பார்த்தால் கழுத்தோரம் ஒரு கட்டி. நெறி கட்டியிருக்கும், தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். போகவில்லை. அமுக்கினால் வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். வலிக்காத கட்டியைப் பற்றி நான் படித்து வைத்திருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது. பேசாமல் தமிழ் டீச்சராகவோ கணக்கு டீச்சராகவோ ஆகியிருக்கலாம்.

அவரிடம் சொன்னேன். மறுவார்த்தை பேசாமல் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா கழுத்தை இரண்டு பக்கமும் பார்த்தார், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கவைத்தார், மரத்துப்போக ஊசி போட்டார், கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒரு தையல் போட்டார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "டிஷ்யூவ மதுரைக்கு அனுப்புறோம். முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் அதையும் பாத்துரணும்ல" என்றார். அந்த 'அதையும்' எது என்று எனக்குத் தெரியாதா? புற்று என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அது மேஜைக்கு நடுவில்தான் கிடந்தது.

பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, "டிஷ்யூன்னுதானே சொன்னாக?" என்றார்.

"ஆமா."

"மதுரைக்கு அனுப்பிட்டாகல்ல?"

"அனுப்பிட்டாக."

"அப்பச் சரி" என்று சாய்ந்து உட்கார்ந்தவர்தான். கடலை வாங்கித் தின்றார். அப்புறம் வாயைத் திறந்தபடி போடி வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பெண்டாட்டி கழுத்தை அறுத்துத் தைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறவன் கடலை தின்பானா? கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாள் விடிந்ததும் அவர் பாட்டுக்கு ராசிங்காபுரத்தில் ஒரு சோலி இருக்கிறது, அப்படியே மலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் நாத்தனார் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, ராசிங்காபுரத்திலேயே கட்டிக்கொடுத்தது. நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் குடும்பத்தில் மதினி தும்மினால் எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். ஆட்டோவிலிருந்து ஒரு தூக்குவாளிக் கறிக்குழம்பு இறங்கியது, ஒரு தார் வாழைப்பழம் இறங்கியது, அதற்கப்புறம் மதினி இறங்கினார். முகமெல்லாம் பல்.

"ஏத்தா, நேத்தே தம்பி போன் போட்டுச் சொல்லிட்டான். டிஷ்யூவே மதுரைக்குப் போயிருச்சாமே! அப்புறம் என்ன? இனி நோய் நொடி ஒன் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மதினி சொல்றீக?"

"டிஷ்யூன்னா சுத்தம்லத்தா! அங்க பாட்டில்ல வச்சு வளத்து, நோயெல்லாம் எடுத்துட்டு, திருப்பிக் கொண்டாந்து கழுத்துல வச்சுருவாகளாமே?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பள்ளத்தாக்கில் டிஷ்யூ என்றால் வாழைக்கன்று. முன்னெல்லாம் பழைய வாழையின் பக்கக்கன்றைத் தோண்டி எடுத்து நடுவார்கள். தாயிடம் இருந்த நோய் கன்றுக்கும் வரும். தோட்டம் தோட்டமாகக் கருகிப்போய் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் டிஷ்யூ கன்று வந்தது. நல்ல வாழையிலிருந்து ஒரு துளி திசுவைக் கிள்ளி, கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்து, குட்டிக் குட்டிப் பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 'டிஷ்யூ கன்னு அண்ணே, நோய் கெடையாது' என்று நர்சரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி, டிஷ்யூ என்ற சொல்லுக்கே எங்கள் பக்கம் சுத்தம் என்று அர்த்தமாகிவிட்டது. டாக்டரம்மா என் கழுத்தில் வெட்டிய துண்டை டிஷ்யூ என்று சொல்லப்போக, வாழைத்தோட்டத்தில் வளர்ந்த அந்த மனுசன் காதில் 'நோய் கிடையாது' என்று விழுந்திருக்கிறது. அதனால்தான் கடலை. அதனால்தான் தூக்கம்.

சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. அது சுத்தமா இல்லையா என்று பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி அதற்குள் அடுப்படிக்குப் போய்க் குழம்பைச் சுடவைத்துக்கொண்டு, யாருக்கோ போனில், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு டிஷ்யூ பாத்தாச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குலசாமிக்குப் பொங்கல் வைப்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. அந்தச் சந்தோசத்தில் போய் எப்படி மண்ணள்ளிப் போடுவது? வாயை மூடிக்கொண்டேன். கோபம் முழுவதையும் அந்த மனுசனுக்கென்று எடுத்து வைத்தேன்.

போன் போட்டால், "சோலி கெடக்கு டீச்சர், காயெடுப்பு நடக்குது" என்று வைத்துவிட்டார். வழக்கமாக இறங்கி வருகிற நாளும் வந்தது. ஆள் வரவில்லை. லோடு ஏற்ற வேண்டும் என்றார். அதற்கு மறுநாள் ஜீப் கிடைக்கவில்லை என்றார். நாள் முழுக்க ஜீப் ஓடுகிற ரோட்டில் இவருக்கு மட்டும் கிடைக்கவில்லையாம். அடேயப்பா, நான் ஒருத்தி இங்கே செத்தேனா பிழைத்தேனா என்று உட்கார்ந்திருக்கிறேன், டிஷ்யூ போய்விட்டது என்ற நிம்மதியில் அங்கே காய் பறித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரம் பார்த்தா அந்தப் பாடம் வரவேண்டும்? படிக்கட்டு வரைந்தேன். செல் என்று எழுதினேன். திசு என்று எழுதப்போனபோது கை நின்றுவிட்டது. கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், கீழ ஒரு செல்லு கெட்டுப்போச்சுன்னா மேல் படி வரைக்கும் கெடுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வேறு நாளாக இருந்தால் அவளைத் தட்டிக்கொடுத்து ஒரு பீரியட் பேசியிருப்பேன். "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி தயார் பண்ணினேன். நீங்கள் மனுசனா? என் கழுத்து என்ன வாழைக்கிழங்கா? படித்தவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில் திசு என்றால் என்னவென்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லையா? கடைசிக் கேள்வி வந்தபோது சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னத்தா?" என்றார்.

தோட்டத்து வாசலில் எங்களிடம் பல வருஷமாக வேலை பார்க்கிற பெண் நின்றாள். தமிழ்ப்பிள்ளைதான், எல்லைக்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது. என்னைக் கண்டதும், "டீச்சரே, நல்லவேள வந்தீங்க. அண்ணனுக்குச் சுகமில்லயா? சோறு வேண்டாம் வேண்டாம்னே பறயுது. காயெடுப்பு முடிஞ்சு நாளாச்சு, இன்னும் தோட்டத்துக்குள்ளயே கெடக்கு" என்றாள்.

காயெடுப்பு முடிந்துவிட்டதா?

உள்ளே போனேன். ஒரு தூரடியில் குத்தவைத்து, அரிவாளால் பட்டுப்போன தட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தார். தாடி மண்டிக் கிடந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமல் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் நான் ஆரம்பித்துவிட்டேன். வளைவு வளைவாகச் சேர்த்துக்கொண்டு வந்ததை எங்கே போய்க் கொட்டுவது? "டிஷ்யூன்னா நோய் இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? ஊரு பூராத் தமுக்கடிச்சு வச்சிருக்கீக. மதினி பொங்க வைக்கக் கெளம்பிட்டாக. அங்க அனுப்புனது வளக்குறதுக்கு இல்லீங்க. எனக்கு அது..."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"புத்தா இல்லையான்னு பாக்க அனுப்பிருக்காக. தெரியும்."

அரிவாளைக் கீழே வைத்தார். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தேனியிலிருந்து வந்த அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுச் சந்தோசமாகச் சொல்லிவிட்டாராம். மறுநாள் ராசிங்காபுரம் போனவர், டிஷ்யூ கன்று விற்கிற நர்சரிக்காரரிடமும் போய்ப் பெருமை பேசியிருக்கிறார். அந்த ஆள் சிரிக்கவில்லையாம். "அப்பு, அது வேற, இது வேற. ஆளுக்கு டிஷ்யூ எடுத்தா, நோய் இருக்கான்னு பாக்கத்தான் எடுப்பாக" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து நேராக மலைக்கு வந்தவர்தான், அப்புறம் கீழே இறங்கவில்லை.

"அப்ப மதினிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? சொன்னா ராசிங்காபுரமே லாரி புடிச்சு வந்து ஒன் முன்னாடி உக்காந்து மூக்கச் சிந்தும். அதப் பாத்துக்கிட்டே நீ பள்ளிக்கூடம் போகணும். கெடக்கட்டும், டிஷ்யூன்னா சுத்தம்னே நெனச்சுக்கிட்டு கறிக்கொழம்பு வச்சுக் குடுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சரி, நீங்க ஏன் வரல? நான் ஒருத்தி அங்க கெடந்து..."

"எனக்கு மூஞ்சில மறைக்கத் தெரியாது டீச்சர்" என்றார். "என்னையப் பாத்தா நீ பயந்துருவ."

தயார் பண்ணிக்கொண்டு வந்த கேள்வி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த மனுசன்மேல் அப்போது எனக்கு வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. முன்பெஞ்சுக்காரிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்துவிட்டது. என் கழுத்தில் ஒரு செல் கெட்டதோ கெடவில்லையோ, அதற்குள் அது படியேறி இந்த ஆளைப் பாதியாக்கிவிட்டது. புத்தகத்தில் ஓர் உயிரிக்கு அடுத்த படி இனக்கூட்டம் என்று போட்டிருக்கிறது. நடுவில் புருசன் என்று ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

ஆனாலும் அதையெல்லாம் அவரிடம் சொல்வேனா? "தாடியப் பாரு, சாமியாராட்டம். போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று விரட்டினேன். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு போடும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏன் டீச்சர், ஒரு தட்டை அழுகுனா அத மட்டும் அறுத்துட்டாப் போதும்ல? தூரு பொழச்சுக்கும்ல?"

"பொழச்சுக்கும்" என்றேன்.

"தூருக்கு ஒண்ணும் ஆகாது?"

"நல்ல தூரா இருந்தா ஒண்ணும் ஆகாது."

நான் சொன்னது ஏலத்துக்குச் சரி. ஆளுக்குச் சரியா என்று எனக்கே தெரியாது.

குலசாமிக்குப் பொங்கல் அந்த வாரமே வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் தாடியை எடுத்துவிட்டு வந்திருந்தார். மதினி என் நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, "டிஷ்யூ குடுத்த மகராசி" என்று எல்லாரிடமும் என்னைக் காட்டினார். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டென்று பானைக்கு விறகு தள்ளப் போய்விட்டார். சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது. பொய்தான். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்று நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னால், ஒரு வாய் பொங்கலாவது உள்ளே இறங்கத்தான் செய்கிறது.

ரிசல்ட் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "நான் வரல. டாக்டரம்மா வாயத் தொறக்குறதுக்குள்ள நான் விழுந்துருவேன். அக்காவக் கூட்டிட்டுப் போ" என்றார் வீட்டுக்காரர். மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, டாக்டரம்மாவுக்கு ஒரு சீப்புப் பழத்தோடு கிளம்பினார்.

டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க பயந்தது இல்ல டீச்சர். புத்து இல்ல. டிபி. கழுத்து நெறியில வந்திருக்கு. நுரையீரல் நல்லா இருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஆறு மாசம் மாத்திரை ஒழுங்காப் போடுங்க, சரியாப்போயிரும்" என்றார்.

காசநோய்க்கிருமி. வகுப்பில் நான் எத்தனையோ தடவை படம் போட்டு நடத்தியது. ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. திசு கிடையாது, உறுப்பு கிடையாது, என் படிக்கட்டில் முதல் படியைத் தாண்டாத ஆள். அதற்கு அதுவே முழு உயிரி. பொடிப்பயலே, நீயா என் வீட்டுக்காரனை அந்தப் பாடு படுத்தினாய் என்று நினைத்தேன். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

மதினிக்கு டிபி என்ற இடம் காதிலேயே விழவில்லை. மாத்திரை போதும் என்பது மட்டும் விழுந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல டாக்டரம்மா" என்று பழத்தை மேஜையில் வைத்தார்.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடை ஓரமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வரமாட்டேன் என்று சொன்ன ஆள்தான். தோட்டத்து வேட்டி, முழங்கால் வரைக்கும் மண். எத்தனை நேரமாக நின்றாரோ, உள்ளே வரத் துணிச்சல் இல்லாமல்.

மதினி பார்த்துவிட்டார். ரோட்டைக் கடப்பதற்கு முன்பே கையை உயர்த்தி, "தம்பீ! சுத்தம்டா! டிஷ்யூ சுத்தம்!" என்று கூவினார்.

அவர் அசையவில்லை. சுத்தம் சுத்தம் என்றுதான் மதினி அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே. இப்போது மதினி நிஜத்தைச் சொன்னாலும் அவர் அதை நம்புவதற்கில்லை. மதினியைத் தாண்டி என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டு வருகிறேன். அவர் உதடு கோணியது. ஐயோ, தப்பாக எடுத்துக்கொண்டாரே என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"நெசமாத்தாங்க" என்றேன். "இந்தத் தடவ நெசமாத்தான். அது இல்ல."

"இல்லயா?"

"இல்ல."

அவ்வளவுதான். அந்த மனுசன் இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்துவிட்டார். ஜூஸ் கடைக்காரர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். நானும் பட்டென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பட்டுச்சேலை மண்ணில் படுவதையும் பார்க்காமல் குனிந்து, தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏண்டா கிறுக்குப் பயலே, இது நமக்கு அன்னைக்கே தெரிஞ்ச சங்கதிதானடா? இப்ப எதுக்குடா அழுவுற?"